புகைக்கு ஒரு ஆள்

வேலுமணிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. காண்ட்ராக்டர் ஒருவரிடம் மரம் வெட்டப் போன இடத்தில், சாய வேண்டிய பக்கம் சாயாமல் ஒரு மரம் அவன் மேல் சாய்ந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அண்ணன் சின்னக்கருப்பனும் ஊர்க்காரர்களும் அவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கல்லாத்துமேட்டுக்கு ஏறி, அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். வீட்டில் குளிர் அடிக்காத இடம் அது ஒன்றுதான்.

அடுப்புக்கு மேலே பரண். பரண் முழுக்க விதைப் பூண்டு. தாளோடு பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கும். மலைப்பூண்டு விதைக்கு வேண்டுமென்றால் விதைக்கிற நாள் வரைக்கும் புகையில் தொங்க வேண்டும். புகை இல்லாவிட்டால் பல் மெத்தென்று ஆகிவிடும், இல்லையென்றால் காலத்துக்கு முன்னால் முளைவிட்டுவிடும். இரண்டும் விதைக்கு ஆகாது.

வந்த புதிதில் அவன் யாரிடமும் பேசவில்லை. பரணையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பெண்டாட்டி முருகம்மாள் கஞ்சி ஊட்டினால் குடிப்பான், துடைத்துவிட்டால் திரும்பிக்கொள்வான். ஒருநாள் அவள் பூண்டுக் கொல்லைக்குப் போய்விட்டு வருவதற்குள், கைக்கு எட்டிய குச்சியால் மரப்பட்டையை இழுத்து அடுப்போரத்துக் குழியில் தள்ளி மூட்டம் போட்டிருந்தான். தீ எரியவில்லை. புகை மட்டும் நூல் பிடித்தாற்போல் பரணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து புகை அவன் சோலி.

படுத்தவன் பார்க்கிற வேலை என்று ஊரில் முதலில் சிரித்தார்கள். ஆனால் அடுத்த விதைப்பில் அவன் வீட்டுப் பூண்டு ஒரு பல் தவறாமல் முளைத்தது. மற்றவர்கள் தங்கள் கட்டு இரண்டைக் கொடுத்து அவன் கட்டு ஒன்றை வாங்கிப் போனார்கள்.

"ஏலே, படுத்துக்கிட்டே பண்ணையம் பாக்குற ராசா இந்த மலையில நீ ஒருத்தன்தாண்டா," என்பான் சின்னக்கருப்பன், வாசலில் நின்றுகொண்டு.

"ஒனக்கு அம்புட்டு ஆசையா இருந்தா ஒங் கால இங்க குடுத்துட்டு நீ வந்து படுத்துக்க அண்ணே."

"நெனப்புத்தான். அப்பறம் ஒம் மதினிகிட்ட யாரு ஏச்சு வாங்குறது?"

"ஆமா, அதுக்கு ரெண்டு காலும் வேணும்தான். ஓடணும்ல."

சின்னக்கருப்பன் பெண்டாட்டி வேலுத்தாய் பக்கத்து வீட்டுக்குள் இருந்தபடியே, "எல்லாம் கேக்குது, கேக்குது," என்பாள். கேட்கத்தான் செய்யும். நடுவில் ஒரு மண்சுவர்தான். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. கல்லாத்துமேட்டில் பத்து வீடும் ஒரே வரிசை, ஒரே முகடு, ஒரே புல்கூரை. வேலுமணி வீடு கடைசி வீடு. அதை ஒட்டி அண்ணன் வீடு. அதற்கு அப்புறம் எட்டு வீடு.

கூரை ஒன்றாக இருப்பதால் தீக்கு ஊரில் தனிக் கட்டுப்பாடு உண்டு. மாசி பாதியில் மேற்கே இருந்து காற்று இறங்கத் தொடங்கியதும் ஊருக்குத் தலைவரான மண்ணாடி மலைச்சாமி ஆளை விட்டுத் தமுக்கு அடிப்பார். அன்றிலிருந்து கோடை மழை விழுகிற வரைக்கும், பொழுது கிளம்பியதும் எந்த வீட்டு அடுப்பிலும் நெருப்பு இருக்கக் கூடாது. வெள்ளனே எழுந்து ஆக்கி வைத்துவிட வேண்டும். அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பொழுது இறங்கிக் காற்று அடங்கிய பிறகுதான் மறுபடி பற்றவைக்கலாம். வாசலில் இரண்டு பானை தண்ணீரும், அரிவாளும், கொக்கி மாட்டிய மூங்கிலும் எப்போதும் இருக்க வேண்டும். ஒரு கூரை பற்றினால் அடுத்த கூரையை அறுத்துத் தள்ளிவிடுவார்கள். அந்த வீட்டுக்காரனை யாரும் கேட்க மாட்டார்கள்.

தானாக வந்த தீ என்றால் வீட்டுக்கு ஒரு கட்டுப் புல்லும் ஓர் ஆளுமாக ஊரே வந்து மறுகூரை போட்டுத் தரும். காற்றுக் காலத்தில் பகலில் நெருப்பு வைத்து வந்த தீ என்றால் யாரும் வர மாட்டார்கள். ஊரைவிட்டுப் போ என்று சொல்வதில்லை. புல் வராது, அவ்வளவுதான். தனி ஆளாகக் கூரை போட்டவன் அந்த மலையில் எவனும் இல்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் தையில், பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் மழை பெய்தது. எல்லார் பூண்டும் நனைந்தது. வேலுமணி வீட்டுப் பூண்டு பள்ளத்துக் கொல்லையில் கிடந்ததால் கூடுதலாக நனைந்தது. பரணில் ஏற்றியும் ஈரம் இறங்கவில்லை. மாசியில் தமுக்கு அடித்துவிட்டார்கள். இராத்திரிப் புகை மட்டும் போதவில்லை.

வேலுமணி ஒரு பூண்டை உடைத்து முருகம்மாளிடம் நீட்டினான். பல்லின் நடுவில் பச்சையாக முளை தெரிந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"சித்திரைக்குள்ள பூராவும் மொளச்சிரும். அப்பறம் கொல்லையில எதப் போடுவ?"

 போடுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் கீழே இறங்க வேண்டியதுதான். பாலசமுத்திரத்தில் அவள் தம்பி குமாரவேல் ஒருவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு அங்கேயே குடிசையில் இருந்தான். அக்கா வந்தால் களை எடுக்கலாம். மச்சானை எங்கே போடுவது என்று அவன் யோசிப்பான்.

"கீழ போனா நான் ஒரு சாமான் புள்ள," என்றான் வேலுமணி. "கோணிச் சாக்கு இருக்கும், மம்பட்டி இருக்கும், அதோட நானும் ஒரு மூலையில இருப்பேன். மழ வந்தா உள்ள எடுத்துப் போடுவாக."

"இப்ப என்ன செய்யணுங்கிறீக?"

"பகல்லயும் மூட்டம் போடணும்."

"காத்து அடிக்குது."

"தீயா எரிக்கப் போறேன்? பட்டைய நல்லா ஊறப் போட்டுக் குடு. மேல ஒடஞ்ச பானை ஓட்ட வச்சு மூடிருவேன். பொகை கூரைக்கு மேல தெரியாது. பரணே குடிச்சுக்கும்."

தப்பு என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் அவன் மறுபடி திரும்பிப் படுத்துக்கொள்வான் என்பதும் தெரியும். பட்டையை ஊறப் போட்டாள்.

ஓடையில் தண்ணீர் சிறுத்துவிட்டது. ஒரு குடம் நிறைய வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். குடிக்க, மாட்டுக்கு, அவனைக் கழுவ என்று கொண்டுவருகிற தண்ணீர் அதற்கே சரியாக இருந்தது. பட்டை ஊற வைக்க வாசல் பானையில் இருந்து மொண்டாள். சாயங்காலம் நிரப்பிவிடலாம் என்று நினைத்தாள். சில நாள் நிரப்பினாள். சில நாள் நிரப்பவில்லை.

வேலுத்தாய்க்குப் புகை வாசம் தெரியாமல் இருந்திருக்காது. சுவர் கூரை வரைக்கும் போகாத வீடு. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பங்குனி பிறந்து ஒருநாள் உச்சிவேளையில் காட்டிலாகா கார்டு சேனாதிபதி மூச்சு வாங்க ஓடிவந்தான். சட்டை முழுக்கக் கரி.

"வாட்டில் மரக் காட்டுல தீ பிடிச்சிருச்சு. ஆம்பளைக எல்லாம் வெரசா வாங்க. காத்து இங்கிட்டுத்தான் தள்ளுது."

"யாரு வச்சது?"

"எவனோ பீடி குடிச்சிருக்கான். வாங்கப்பா. வராதவன் மாடு இந்த வருசம் காட்டுக்குள்ள கால் வைக்காது, சொல்லிப்புட்டேன்."

சின்னக்கருப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டே பேசினான். "மாடு மேஞ்ச புல்லுமேட்டுல எல்லாம் மரத்த நட்டீக. இப்ப அது எரிஞ்சா அணைக்க நாங்க வரணும். நல்லா இருக்குய்யா ஒங்க ஞாயம்."

"நானாண்ணே நட்டேன்? நடுன்னாக, நின்னு நட வச்சேன். அணைன்னாக, கூட்டிட்டுப் போறேன். நாளைக்கு வெட்டுன்னா வெட்டுவேன். வா, வா."

எல்லா ஆண்களும் போனார்கள். மண்ணாடி கிழவரும் கம்பை ஊன்றிக்கொண்டு போனார். பச்சைக் கிளைகளை ஒடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் மேட்டில் ஏறியதும் ஊர் சத்தமில்லாமல் ஆனது. மேட்டுக்கு அந்தப் பக்கம் புகை எழுந்தது. அதன் சாம்பல் காற்றில் வந்து வாசலில் விழுந்தது.

முருகம்மாள் பானைகளைப் பார்த்தாள். ஒன்றில் அடியில் கொஞ்சம் இருந்தது. மற்றது காலி.

"நான் தண்ணிக்குப் போறேன்," என்றாள். "மூட்டத்த அணச்சிட்டுப் போறேன்."

"அணச்சா மறுபடி பொகை கட்ட ராத்திரியாயிரும். நீ போயிட்டு வா. நான் தூங்கவா போறேன்?"

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஓடையில் குடம் பாதி நிறைந்திருக்கும்போது மேலே பெண்கள் கத்துவது கேட்டது. காட்டுத் தீ ஊருக்கு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஏறி ஓடி மேட்டுக்கு வந்ததும் தன் வீட்டு முகட்டில் புகையும் தீயும் தெரிந்தன. மற்ற வீடுகள் மேல் ஒன்றும் இல்லை.

வேலுத்தாய் தன் வீட்டுக் கூரை மேல் நின்று அரிவாளால் கட்டுக் கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தாள். கீழே பெண்கள் கொக்கி மூங்கிலைப் போட்டுப் புல்லை இழுத்துத் தள்ளினார்கள். அவள் வீட்டுச் சாமான்கள் வாசலில் குவிந்து கிடந்தன.

"என்னையப் பாக்காதடி! உள்ள போ! அவன் வர மாட்டேங்குறான்!" என்று வேலுத்தாய் மேலே இருந்து கத்தினாள்.

உள்ளே வேலுமணி கட்டிலில் இல்லை. தரையில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, கம்பால் பரணில் இருந்து கட்டுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். எரிந்தபடி விழுந்த கட்டுகளைக் கையால் அடித்தான்.

"கட்டப் புடி! கட்டப் புடி புள்ள! அந்த மூலைய இன்னும் பிடிக்கல!"

வீடு முழுக்கப் பூண்டு சுட்ட வாசம். காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடாத வாயில் எச்சில் ஊறியது. அதை அவள் கவனித்தாள். பிறகு அவன் அக்குளில் கையைக் கொடுத்து வாசலுக்கு இழுத்தாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். கையைப் பிரித்து இழுத்தாள். கால்கள் விழுந்து கிடந்த கங்குகளின் மேல் தேய்ந்துகொண்டு வந்தன. அவனுக்கு அது தெரியவில்லை. வெளியே கொண்டுவந்து போட்ட பிறகுதான் அவளே பார்த்தாள்.

பரணும் கூரையும் சேர்ந்து உள்ளே விழுந்தன. அண்ணன் வீட்டுக் கூரை இல்லாத இடத்துக்கு வந்ததும் தீக்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. எட்டு வீடு தப்பியது.

பொழுது சாய்ந்த பிறகு ஆண்கள் திரும்பி வந்தார்கள். காட்டில் பாதியைக் காப்பாற்றியிருந்தார்கள். சின்னக்கருப்பன் தம்பி வீட்டைப் பார்த்தான். தன் வீட்டைப் பார்த்தான்.

"மாடு?" என்றான் பெண்டாட்டியிடம்.

"அவுத்து விட்டாச்சு."

"சரி," என்று சொல்லிக் கிளையைக் கீழே போட்டான்.

மறுநாள் காலையில் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. வேலுமணியைக் கட்டிலோடு கொண்டுவந்து வைத்தார்கள். பாதங்களில் விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தது. துணியை மீறி நீர் வடிந்துகொண்டிருந்தது. முருகம்மாள் கட்டில் காலருகே உட்கார்ந்து ஈ ஓட்டினாள்.

மண்ணாடி மலைச்சாமி நல்ல மனிதர். இரண்டு வீட்டுக்காரர்களும் அவருக்கு உறவு. எப்படிக் கேட்டால் எப்படிப் பதில் வரும் என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

"நேத்துக் காட்டுப் பொறி எம்புட்டுத் தூரம் பறந்துச்சுன்னு நாமளே பாத்தோம்," என்றார். "எந் தலப்பாவுலயே ஒண்ணு விழுந்துச்சு. ஊருக்குள்ளயும் சாம்ப வந்திருக்கு. இல்லியாத்தா?"

"வந்துச்சு, வந்துச்சு," என்றார்கள் பெண்கள்.

"முருகம்மா, நீ பாத்தியா? பொறி விழுந்தத?"

முருகம்மாளுக்கு வேலுத்தாய் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். கையில் கயிறு அறுத்த இடமெல்லாம் காயம். அவள் முருகம்மாளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"நான் தண்ணிக்குப் போயிருந்தேனுங்க," என்றாள் முருகம்மாள். அது பொய் இல்லை.

"அப்பப் பொறிதான். வேற என்ன?" என்றார் மண்ணாடி. கூட்டத்தில் இறுக்கம் விட்டது. எவனோ வெற்றிலைப் பையை அவிழ்த்தான். "கடைசி வீடு, மேக்க பாத்த வீடு. விழுந்தா அங்கதான் மொதல்ல விழும். ரெண்டு கூரைக்கும் ஊர் புல்லுப் போடும். வேலுமணியக் கேக்க ஒண்ணுமில்ல. பாவம், அவன் என்ன செய்வான், கெடக்குற ஒடம்பு."

"மண்ணாடியாரே," என்றான் வேலுமணி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"பொறி விழுகல. நான் மூட்டம் போட்டிருந்தேன்."

வெற்றிலைப் பை அவிழ்த்தவன் கை நின்றது.

சின்னக்கருப்பன் எழுந்துவிட்டான். "அவனுக்குப் பொகை மண்டைக்கு ஏறிருச்சு. நேத்து இருந்தே ஒளறிக்கிட்டுத்தான் இருக்கான். நீங்க முடிங்க மண்ணாடியாரே."

"புத்தியோடதான் சொல்றேன். பகல்ல பகல்லயா மூட்டம் போட்டேன். தமுக்கு அடிச்ச மறுவாரத்துல இருந்து. பூண்டுத் தாள் ஒண்ணு காஞ்சு தொங்கிருச்சு, நான் கவனிக்கல. ஓட்ட எடுத்துப் பட்டைய மாத்துறப்பக் காத்து கதவுல அடிச்சு உள்ள வந்துச்சு. பத்திக்கிச்சு."

"ஏலே, வாய மூடு."

"எதுக்குண்ணே மூடணும்? பொறி வந்து விழுந்துச்சுன்னா நான் என்ன செஞ்சேன்? கெடந்தேன். அவுக அதத்தான சொல்றாக."

"பெருமையாடா இது ஒனக்கு?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். சின்னக்கருப்பன் வீட்டை ஒட்டிய வீடு அவனுடையது.

"பெருமைன்னே வச்சுக்க."

 மண்ணாடி கம்பால் தரையில் ஒரு கல்லை நகர்த்தினார். திரும்ப அதை இருந்த இடத்துக்கே நகர்த்தினார். முருகம்மாள் துணி மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். தனக்குள் என்னவோ உடையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. மரம் விழுந்த அன்று ஆள் வந்து சொன்னபோதும் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அரிசியைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

"வேலுத்தாயி," என்றார் மண்ணாடி. "நீ அடுத்த வீடு. ஒனக்குத் தெரியுமா?"

வேலுத்தாய் தலையைத் தூக்கவில்லை. "பூண்டுப் பரண் இருக்குற வீட்ல எப்பவும் பொகை நாறத்தான் செய்யும்," என்றாள்.

"சரி." மண்ணாடி எழுந்தார். "சின்னக்கருப்பன் கூரைக்கு வீட்டுக்கு ஒரு கட்டு." இன்னும் ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

கட்டிலைத் தூக்கினவர்கள் அதை அண்ணனுடைய மாட்டுக்கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்கள். தூக்கும்போதும் வைக்கும்போதும் பேசவில்லை. ஆனால் ஆடாமல் தூக்கினார்கள்.

சாயங்காலம் முருகம்மாள் அவன் பாதத் துணியை மாற்றினாள்.

"எம்மேல கோவமா?" என்றான்.

"இல்ல."

"நெசமா?"

"இல்லைங்கிறேன்ல."

உண்மையாகவே இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவன் கொஞ்ச நேரம் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒன்றும் தொங்கவில்லை.

"குமாரவேலு என்ன சொல்லுவான்?"

"வாங்கம்பான்."

"ம்."

அவன் தூங்கிப்போனான். மரம் விழுந்த பிறகு அவன் இப்படிக் குறட்டை விட்டுத் தூங்கி அவள் பார்த்ததில்லை. மாடு அவனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அடுத்த நாள் ஊர் புல்லறுக்கப் போனது. முருகம்மாளும் அரிவாளை எடுத்துக்கொண்டு பெண்களோடு நடந்தாள். மேட்டில் தீப்பிடித்த பக்கம் கருப்பாக இருந்தது. பிடிக்காத சரிவில் புல் நின்றது. இடம் பார்த்து இறங்கி அறுக்கத் தொடங்கினாள்.

பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள். "நீ எதுக்கு வந்த?"

"வீட்டுக்கு ஒரு கட்டுன்னாருல்ல."

"ஒனக்கு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டு தள்ளிப் போய் அறுத்தாள்.

கட்டு கனமாக இருந்தது. தானே முட்டுக் கொடுத்துத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். ஊருக்குள் வந்தபோது சின்னக்கருப்பன் வீட்டு மேல் புது மூங்கில் கட்டியாகிவிட்டது. ஆண்கள் கீழே புல்லை நீவிக் கொடுத்தார்கள். தன் கூரையை அறுத்த வேலுத்தாயே மேலே உட்கார்ந்து அதை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசி வீடு இப்போது அதுதான். மேற்குப் பக்கத்தில் காற்றுக்குக் கனமாக விளிம்பு கட்ட வேண்டியிருந்தது.

முருகம்மாள் கட்டை இறக்கினாள். சின்னக்கருப்பன் அதைப் பார்த்தான். வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு வெள்ளனே கெளம்புறோம் மாமா," என்றாள். "கட்டிலத் தூக்க நாலு பேரு வேணும்."

"வருவாக. நான் வர்றேன்."

"பாலசமுத்திரம் வரைக்கும் வேண்டாம். பஸ் ரோடு வரைக்கும் போதும்."

"வர்றேன்னு சொல்றேன்ல."

மேலே இருந்து வேலுத்தாய் கூப்பிட்டாள். "ஏடி முருகம்மா, என்ன புல்லு அது? தண்டு முத்துனதா?"

"முத்துனதுதான். சரிவுல அறுத்தேன்."

"முத்துனது வெளிம்புக்கு ஆகும். இங்கிட்டுத் தா. அவரப் பாத்துக்கிட்டு நின்னா வேல ஆகாது. மேக்காத்து ஏறுறதுக்குள்ள இத முடிக்கணும்."

முருகம்மாள் கயிற்றை அவிழ்த்து, புல்லைக் கைப்பிடி கைப்பிடியாகத் தட்டிச் சமன் செய்து மேலே நீட்டினாள். வேலுத்தாய் வாங்கி வைத்துக் கட்டினாள். கட்டு தீர்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டிருந்தாள்.